அயல் வளவு உயரும்போது

வாவிக்கரையோரம் குடியிருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பக்கத்து வளவுக்காரர் நாலு லோட் கிரவல் பறித்துத் தன் வளவை உயர்த்தினால், அடுத்த மாரி மழைக்கு வெள்ளம் எங்கள் முற்றத்தில் நிற்கும். அவர் எங்களுக்குத் தீங்கு நினைத்துச் செய்தவரல்லர். தன் வீட்டுக்குள் தண்ணீர் ஏறக்கூடாது என்பதற்காகச் செய்தார். வெள்ளம் கூடினால் எங்கள் நெல்மூடைகளை ஏற்றிவைக்கத் தன் திண்ணையில் இடம் தருபவரும் அவரே. இரண்டும் உண்மை. ஒன்றைப் பார்த்து மற்றதை மறப்பவன் தன் வளவைக் காப்பாற்றிக்கொள்ள மாட்டான்.

இந்தியாவைப் பற்றி எழுத நினைத்தபோது இதுதான் என் நினைவுக்கு வந்தது.

2023 ஓகஸ்ட் 23ஆம் திகதி மாலை, இந்தியாவின் சந்திரயான்-3 நிலவின் தென்துருவத்துக்கு அருகே இறங்கியது. அந்தப் பக்கத்தில் அதற்கு முன்னர் எந்த நாடும் இறங்கியதில்லை. அதற்கு நாலு நாள் முன்னதாக அதே இந்தியா வெங்காய ஏற்றுமதிக்கு 40 வீத வரி விதித்திருந்தது. ஏறாவூர்ச் சந்தையில் வெங்காயம் வாங்க நின்ற செங்கலடிப் பக்கத்துக் கமக்காரர் ஒருவர், "என்ன காக்கா, ஒரு கிழமைக்குள்ள இவ்வளவு விலை?" என்று கேட்டார். கடைக்காரர் தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நான் என்ன செய்ய தம்பி? சந்திரனுக்கு ரொக்கட் விடுறான், நமக்கு வெங்காயம் விடமாட்டானாம்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெங்காயத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குள் எத்தனையோ கட்டுரைக்கான விடயம் இருக்கின்றது என்பது எனது எண்ணம்.

இந்தியாவைப் பற்றிப் பேசும்போது எம்மவர்கள் பெரும்பாலும் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகின்றார்கள். ஓர் அணிக்கு அது தாய்நாடு. என்ன நடந்தாலும் கடைசியில் அது எங்களைக் கைவிடாது என்பார்கள். மற்ற அணிக்கு அது துரோகம் செய்த நாடு. அது எதைத் தந்தாலும் அதற்குள் ஒரு தூண்டில் இருக்கும் என்பார்கள். இரண்டு அணியும் கணக்குப் பார்ப்பதில்லை. விதைநெல்லைக்கூடக் கையில் அள்ளி, பதர் ஊதிப் பார்த்து வாங்குகின்ற நாங்கள், எங்கள் வாழ்வையே அசைக்கக்கூடிய ஒரு பெரிய நாட்டை மட்டும் ஏன் பாசத்தாலும் கோபத்தாலும் அளக்கின்றோம்?

கணக்கைத் தொடக்கத்திலிருந்தே பார்ப்போம். 1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளும் இந்தியாவில் மழை பொய்த்தது. 1966இல் அந்த நாடு ஏறத்தாழ ஒரு கோடித் தொன் தானியத்தை வெளியிலிருந்து இறக்கியது. அதில் மிகப் பெரும்பகுதி அமெரிக்காவின் பி.எல். 480 என்ற சட்டத்தின் கீழ் வந்த கோதுமை. கப்பலிலிருந்து இறங்குவது நேரே வாய்க்குப் போகின்றது என்று அக்காலத்தில் பேசிக்கொண்டார்கள். அமெரிக்காவில் ஜனாதிபதி ஜோன்சன் கப்பல்களை மொத்தமாக அனுப்பாமல், இந்தியா நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்துப் பார்த்து மாதாமாதம் அனுமதி கொடுத்தார். நிவாரண அட்டையோடு வரிசையில் நின்றவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு நாடே அப்படி நின்றது.

அந்த அவமானத்திலிருந்துதான் அவர்களது விவசாயக் கொள்கை மாறியது. உணவு அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியமும், விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதனும் மெக்சிக்கோவிலிருந்து குட்டைரகக் கோதுமையைக் கொண்டுவந்து பஞ்சாப் வயல்களில் பரப்பினார்கள். நெல்லிலும் அதுபோல் நடந்தது. அதற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. பஞ்சாபின் நிலத்தடி நீர் ஆண்டுக்காண்டு கீழே போகின்றது, பசளையும் மருந்தும் இல்லாமல் மண் விளைய மறுக்கின்றது. ஆயினும் 2022ஆம் ஆண்டளவில் உலகச் சந்தைக்கு வரும் அரிசியில் ஏறத்தாழ 40 வீதம் இந்தியாவினுடையது என்ற நிலை வந்துவிட்டது. பிச்சைப் பாத்திரம் ஏந்திய நாடு ஒரு தலைமுறைக்குள் உலகத்துக்கே படியளக்கும் நாடாகியது.

இன்னொரு ஆண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: 1991. 1990ஆம் ஆண்டுக் கலவரங்களின் பின் எங்களில் பலர் பாடசாலைக் கட்டடங்களிலும் உறவினர் வீட்டுத் திண்ணைகளிலும் இருந்த காலம் அது. அப்போது இந்தியாவின் கையிலிருந்த அந்நியச் செலாவணி இரண்டு மூன்று கிழமை இறக்குமதிக்கும் போதாததாகியது. 1991 யூலையில் அந்நாட்டு ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 தொன் தங்கத்தை விமானத்தில் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பி, அதன் பேரில் ஏறத்தாழ 400 மில்லியன் டொலர் கடன் பெற்றது. எங்கள் பெண்கள் விதைப்புச் செலவுக்குத் தாலிக்கொடியை ஈடு வைப்பதும் இதுவும் ஒன்றுதான். அளவுதான் வேறு. அந்த மாதமே நிதியமைச்சர் மன்மோகன் சிங் கொண்டுவந்த வரவு செலவுத் திட்டம் அந்நாட்டின் வாணிபக் கதவுகளைத் திறந்துவிட்டது.

அதன் பின் வந்தவை வேகமானவை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபோது தமிழ்நாட்டுக் கரையும் அந்தமானும் அழிந்தன. அப்படியிருந்தும் இந்தியா தனக்கு வெளிநாட்டு அரசுகளின் நிவாரணம் வேண்டாமென்று சொல்லிவிட்டு, எங்களுக்குக் கடற்படைக் கப்பல்களை அனுப்பியது. நாவலடியிலும் கல்லடியிலும் சடலங்களைத் தேடிக்கொண்டிருந்த எங்களுக்கு அன்று அது புரியவில்லை. உலகத்தின் பெரிய தலைநகரங்களுக்கு நன்றாகப் புரிந்தது: உதவி வாங்கும் வரிசையிலிருந்து ஒருவர் வெளியேறிவிட்டார். 2009இல் சர்வதேச நாணய நிதியம் விற்ற தங்கத்தில் 200 தொன்னை இந்தியாவே வாங்கியது. 2022இல் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று கைவிரித்தபோது, எரிபொருளுக்கும் உணவுக்கும் மருந்துக்குமாக ஏறத்தாழ 4 பில்லியன் டொலர் பெறுமதியான கடனும் தவணையும் தந்தது அதே இந்தியாதான். தங்கத்தை ஈடுவைத்து 31 வருடத்தில் ஈடு பிடிப்பவராக மாறியிருக்கின்றார்.

வயலில் நிற்கும் 'மெசி' உழவு இயந்திரத்தைப் பாருங்கள். பழைய ஆட்கள் அதை இங்கிலாந்து மிசின் என்றுதான் சொல்வார்கள். இன்றைக்கு இங்கே ஓடுகின்றவற்றுள் பல சென்னையில் செய்யப்பட்டவை. அரசாங்க அதிபர் வந்திறங்கிய 'லேண்ட் றோவர்' ஜீப் ஞாபகமிருக்கின்றதா? அந்தக் கம்பனியை 2008இல் டாட்டா வாங்கிவிட்டது. ஆண்டவன் விற்க, ஆளப்பட்டவன் வாங்குகின்ற காலம் இது.

ஆனாலும் ஓர் எச்சரிக்கை. 2022இல் இந்தியா பிரித்தானியாவைத் தாண்டி உலகின் ஐந்தாவது பெரிய பொருளாதாரமாகியது, 2023இல் சீனாவைத் தாண்டி உலகிலேயே சனத்தொகை கூடிய நாடாகியது என்பன உண்மைதான். அந்த வருமானத்தை அந்தத் தலைகளுக்குப் பங்கிட்டால் என்ன வருகின்றது? 2023இல் ஒரு இந்தியருக்கு ஆண்டுக்குச் சுமார் 2,500 டொலர். அதே ஆண்டில், வங்குரோத்தாகிவிட்ட இலங்கையில் ஒருவருக்குச் சுமார் 3,800 டொலர். அயல் வளவு பெரிது, அங்கே குடும்பமும் பெரிது. அவர்களது ஏழைக் கமக்காரன் எங்களைவிட ஏழை. ஆகவே டில்லியில் எடுக்கப்படும் ஒவ்வொரு முடிவும் முதலில் அந்தக் குடும்பத்தின் பானையைப் பார்த்தே எடுக்கப்படும். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நாங்களும் அப்படித்தான் செய்வோம்.

வெங்காயக் கதையின் பொருள் இதுதான். 2023 யூலை 20ஆம் திகதி இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை நிறுத்தியது. காரணம், அங்கே மழை சரியில்லை, விலை ஏறியது, தேர்தலும் அண்மித்துக்கொண்டிருந்தது. அரிசிக்கு அவர்களையே நம்பியிருந்த ஆபிரிக்க நாடுகள் திண்டாடின. 2024 செப்டம்பரில் தடையை எடுத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் இங்கே நாட்டரிசிக்குத் தட்டுப்பாடு வந்ததும், இலங்கை அரசு தனியார் அரிசி இறக்குமதிக்கு வழிவிட்டது. வந்ததில் பெரும்பகுதி இந்திய அரிசி. அந்த அனுமதி 2025 ஜனவரி 10 வரை நீடித்தது. நகரத்தில் வாங்கிச் சாப்பிடுகின்றவர்களுக்கு அது நல்லது. படுவான்கரையில் பெரும்போக வேளாண்மை பழுத்து நிற்கின்ற நேரத்தில், களவெட்டிக்கு வருகின்ற வியாபாரி "கப்பலில் அரிசி வந்திட்டுது" என்று சொல்லி விலையைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவர்கள் அடைத்தாலும் நோகின்றது, திறந்தாலும் நோகின்றது. இந்த நோவுக்குக் காரணம் டில்லியின் கெட்ட எண்ணம் என்று சொல்லித் தப்பிவிட முடியாது. நெல்லைக் காயவைத்து வைக்கத் தக்க களஞ்சியம் எங்கள் கையில் இல்லை. அறுத்த அன்றே ஈர நெல்லாக விற்கவேண்டியிருக்கின்றது. அது எங்கள் அரசுகள் எத்தனையோ தேர்தல்களில் சொல்லிச் சொல்லிச் செய்யாமல் விட்ட வேலை.

பசளை விடயமும் அப்படியே. 2021 ஏப்ரல், மே மாதங்களில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்‌ஷ இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தார். நவம்பரில் தடையை எடுத்தபோது பெரும்போகம் பாழாகிவிட்டது. பின்பு பசளைக்குக் காசும் இல்லை. 2022 யூனில் இந்தியா 55 மில்லியன் டொலரை யூரியாவுக்கென்றே கடனாகத் தந்தது. யூலையில் 44,000 தொன் யூரியா வந்து சேர்ந்தது. சிறுபோகத்துக்குச் சற்றுப் பிந்திப்போனது என்றாலும், அதை வீசியவர்களுக்கு அதன் அருமை தெரியும். அதற்கு முன் மே மாதத்தில் தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் ஏற்றிய முதற் கப்பல் வந்தது. அந்த அரிசியைச் சமைத்துச் சாப்பிட்ட வீடுகள் இந்த மாவட்டத்தில் ஏராளம். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் நன்றி சொல்லத்தான் வேண்டும். யூரியா கடன், அரிசி அன்பளிப்பு என்ற வித்தியாசத்தையும் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும். கடனை எங்கள் பிள்ளைகள் வரியாகக் கட்டுவார்கள்.

இந்திய வீட்டுத் திட்டம் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2010இல் அறிவிக்கப்பட்ட 50,000 வீடுகளில் பெரும்பகுதி வடக்கு, கிழக்குக்கு. ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, கட்டங்கட்டமாக, நேரே பயனாளியின் வங்கிக் கணக்குக்கு. இடையில் கொந்தராத்துக்காரர் இல்லை. போருக்குப் பின் வந்த திட்டங்களுள் ஒப்பீட்டளவில் நேர்மையானது இதுதான் என்று நான் துணிந்து சொல்வேன். ஆயினும் சீமெந்தும் மணலும் மேசன் கூலியும் ஏறிக்கொண்டு போக, பலர் கடைசிக் கட்டத்தை முடிக்க நகையை ஈடு வைத்தார்கள், நுண்கடன் கம்பனிகளிடம் போனார்கள். சுவரில் பதித்த கல்லில் இந்திய மக்களின் அன்பளிப்பு என்றிருக்கும். உள்ளே இருக்கும் கடன் புத்தகத்தில் வேறு பெயர் இருக்கும்.

இனி, பலர் வாய்விட்டுப் பேசத் தயங்குகின்ற பகுதிக்கு வருகின்றேன். 1987 யூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்தனவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இந்திய அமைதிப் படை வந்தது. 1990 மார்ச்சில் திரும்பிப் போனது. அந்த இடைப்பட்ட காலத்தைப் பற்றி ஏறாவூர் முஸ்லிம் குடும்பத்துக்கு ஒரு நினைவு, வந்தாறுமூலைத் தமிழ்க் குடும்பத்துக்கு இன்னொரு நினைவு. போன பின் நடந்ததில் இருவரும் ஒன்று. யூனில் போர் திரும்பவும் மூண்டது. ஓகஸ்ட் 11ஆம் திகதி இரவு விடுதலைப் புலிகள் ஏறாவூரில் புகுந்து குழந்தைகளையும் பெண்களையும் வெட்டியும் சுட்டும் கொன்றார்கள். செப்டம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் தமிழர்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். இரு பக்கமும் ஓடியது. ஏறாவூர்க் கமக்காரர் வாவிக்கு அப்பாலிருந்த வயலை இழந்தார், அப்பாலிருந்தவர் சந்தையை இழந்தார். பெரிய நாடு வந்தபோது எங்களிடம் கேட்டு வரவில்லை. போனபோது எங்களிடம் சொல்லிப் போகவுமில்லை. அது தன் கணக்கில் வந்தது, தன் கணக்கில் போனது. பக்கத்துப் பக்கத்து ஊராக மிஞ்சியவர்கள் நாங்கள்தான்.

இன்றைக்கு அந்தக் கணக்கில் சீனாவும் இருக்கின்றது. 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 வருடக் குத்தகைக்குச் சீனக் கம்பனியிடம் போனது. 2022 ஜனவரியில் திருகோணமலையின் பழைய எண்ணெய்த் தாங்கிகள் பற்றிய உடன்படிக்கையை இந்தியா கையிலெடுத்தது. வெள்ளைக்காரன் காலத்துத் தாங்கிகள் 99இல் 61ஐ இரு நாடும் சேர்ந்து நடத்துவதென்று முடிவாகியது. சீனாவுக்கு யாழ்ப்பாணத் தீவுகளில் கொடுக்கப்பட்ட காற்று, சூரிய மின் திட்டமும் இந்தியாவின் கைக்கு மாறியது. 2022இல் இந்தியா அவ்வளவு வேகமாகப் பணம் தந்ததில் அயலவரின் இரக்கம் இருந்தது. வேறொருவர் அந்த இடத்தில் வந்து உட்காரக்கூடாது என்ற கவனமும் இருந்தது. இரண்டு பணக்காரர் போட்டியிடும்போது ஏழைக்குச் சற்று மதிப்புக் கூடுவதுண்டு. ஆனால் அந்த மதிப்புக் கொழும்பிலேயே நின்றுவிடுகின்றது. போட்டி எந்தக் காணியில் நடக்கின்றதோ அந்தக் காணிக்காரரிடம் அது வந்து சேர்வதில்லை.

இதற்குச் சம்பூரைவிட வேறு சாட்சி தேவையில்லை. மூதூர் கிழக்கில், கொட்டியாரக் குடாவின் கரையில், வயலும் மாடும் மீனுமாக வாழ்ந்த ஊர். 2006 ஏப்ரலில் அங்கே குண்டு விழத் தொடங்கியது. செப்டம்பர் 4ஆம் திகதி இராணுவம் ஊரைப் பிடித்தது. சனங்கள் ஈச்சிலம்பற்று, வாகரை என்று நடந்து, பலர் கடைசியில் எங்கள் மட்டக்களப்பு முகாம்களுக்குத்தான் வந்தார்கள். அவர்களோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் இதை வாசிப்பவர்களுள்ளும் இருப்பீர்கள்.

அந்த 2006 டிசம்பர் இறுதியில், வாகரையில் ஷெல் விழுந்துகொண்டிருந்தபோது, திருகோணமலை மாவட்டத்தில் 500 மெகாவற் நிலக்கரி மின்நிலையம் கட்ட இந்தியாவின் தேசிய அனல்மின் கழகத்தோடு இலங்கை உடன்பட்டது. பின்னர் அதற்குத் தெரிவான இடம் சம்பூர். 2007 மேயில் அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமென வர்த்தமானியில் வந்தது. காணிக்காரர் முகாமில், காணி வர்த்தமானியில். மின்நிலையத்துக்கென்று ஒதுக்கியது சுமார் 500 ஏக்கர். அதற்கு அப்பால் 818 ஏக்கர் முதலீட்டு வலயத்துக்கென எடுக்கப்பட்டது. கடற்படை முகாமுக்கும் ஒரு பகுதி போனது. கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் தகரக் கொட்டில்களில் சம்பூர் மக்கள் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். வேறு இடத்தில் காணி தருகின்றோம் என்றபோது, எங்கள் ஊரைத் தாருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். 2015 மேயில் ஜனாதிபதி சிறிசேன அந்த 818 ஏக்கருக்கான வர்த்தமானியை நீக்கினார். ஓகஸ்டில் காணி திரும்பியது. 2016இல் கடற்படையின் பிடியிலிருந்ததும் விடப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் நிலக்கரித் திட்டமும் கைவிடப்பட்டது. ஒன்பது வருடம் தகரத்துக்குக் கீழ் இருந்து, விட்டுக்கொடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தவர்களுக்குக் கிடைத்த வெற்றி அது. இதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது.

ஆனால் மின்நிலையத்துக்கென்று ஒதுக்கிய காணியின் கதை அதோடு முடியவில்லை. 2022 மார்ச்சில் அங்கே சூரிய மின் நிலையம் அமைக்க உடன்பாடு வந்தது. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி, பிரதமர் நரேந்திர மோடியும் ஜனாதிபதி அனுர குமார திசாநாயக்கவும் 120 மெகாவற் சம்பூர் சூரிய மின் திட்டத்தைக் கொழும்பிலிருந்தபடியே திரையில் ஆரம்பித்து வைத்தார்கள். நிலக்கரியைவிடச் சூரியன் நல்லது. புகை இல்லை, குடாவுக்குள் சுடுதண்ணீர் விடுவதில்லை, எங்களுக்கும் மின்சாரம் வேண்டும். நான் அந்தத் திட்டத்துக்கு எதிரி அல்லன். திட்டம் மாறியது, எரிபொருள் மாறியது, ஆட்சி மாறியது. அந்த நிலத்தில் உழுதவனிடம் கேட்காமல் முடிவெடுக்கின்ற வழக்கம் மட்டும் மாறவில்லை. இதில் முதற் குற்றம் எங்கள் அரசுகளுடையது. காணியை எடுத்ததும் இவர்கள், கொடுத்ததும் இவர்கள்.

இந்தியாவிடம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கின்றது. அந்த நாடு வளர்ந்தது தன் சொந்தக் கமக்காரரின் முதுகிலும் ஏறித்தான். நர்மதா ஆற்றில் சர்தார் சரோவர் அணைக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நீருக்கடியில் ஊரை விட்டார்கள். அவர்களுக்காக மேதா பட்கர் முதலானோர் பல தசாப்தங்கள் போராடினார்கள். அப்படியான போராட்டங்களின் அழுத்தத்தால் 2013இல் அங்கே புதிய காணி சுவீகரிப்புச் சட்டம் வந்தது. 1894ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் சட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டு வந்த சட்டம். தனியார் கம்பனிக்குக் காணி எடுப்பதானால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 வீதத்தின் சம்மதம் வேண்டும். அரசும் தனியாரும் கூட்டானால் 70 வீதம். அரசு தன் தேவைக்கே எடுத்தால் சம்மதம் தேவையில்லைதான். ஆயினும் அந்த ஊருக்கு என்ன பாதிப்பு என்று முதலில் ஆய்வு செய்து, மக்களைக் கூட்டிக் கேட்க வேண்டும். கிராமத்தில் சந்தை விலையின் நான்கு மடங்குவரை நட்டஈடு கிடைக்கலாம். இந்தச் சட்டத்தைப் பல மாநிலங்கள் பிறகு நெகிழ்த்திவிட்டன, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என்றாலும் சட்டம் இருக்கின்றது. எங்களிடம் இருப்பது 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டம். அதில் 'பொதுத் தேவை' என்று ஒரு சொல் போதும்.

வளரும் நாடு என்பதற்கு நான் வைக்கும் அளவுகோல் இதுதான். தன் எல்லைக்குள் தன் கமக்காரனுக்குக் கொடுத்த உரிமையை, எல்லைக்கு வெளியே தன் கம்பனி கால் வைக்கின்ற வயற்காரனுக்கும் அது கொடுக்கின்றதா? நிலவில் இறங்கியதை வைத்து அளப்பவர்கள் அளக்கட்டும். ஒரு மாரிக்குள் மூன்று முறை இடம்பெயர்ந்தவன் வேறு எதை வைத்து அளப்பான்? அங்கேயும் உரிமை தானாக வரவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். 2020 நவம்பரிலிருந்து ஒரு வருடத்துக்கு மேல் பஞ்சாப், ஹரியானாக் கமக்காரர்கள் டில்லி எல்லை வீதிகளில் குளிரிலும் வெயிலிலும் உட்கார்ந்திருந்தார்கள். 2021 நவம்பர் 19ஆம் திகதி பிரதமர் மோடியே தொலைக்காட்சியில் தோன்றி மூன்று விவசாயச் சட்டங்களையும் மீளப் பெறுவதாகச் சொன்னார். அவ்வளவு பலமுள்ள அரசு, உழவு இயந்திரங்களின் வரிசைக்கு முன்னால் இறங்கிவந்தது. இதுவும் அந்த நாடுதான். அந்தப் பக்கத்தையும் நாங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். டில்லியில் அமைச்சர்கள் மட்டும் இல்லை. எங்கள் காணிக் கதையைச் சொன்னால் உடனே விளங்கிக்கொள்ளக்கூடிய கமக்காரர் சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் அங்கே இருக்கின்றன. எங்கள் சங்கங்களிலிருந்து அவர்களுக்கு ஒரு கடிதமாவது போயிருக்கின்றதா என்று கேட்டுப் பார்த்தேன். போனதாக யாரும் சொல்லவில்லை.

2025 ஏப்ரலில் மோடி வந்தபோது, கிழக்கு மாகாணத்துக்கென்று ஏறத்தாழ 2.4 பில்லியன் ரூபா நன்கொடைக்கும் உடன்பாடு ஆகியது. கடனல்ல, நன்கொடை. இதில் மட்டக்களப்புக்கு எவ்வளவு, அதில் கமத்துக்கு எவ்வளவு, எந்த வட்டைக்கு எந்த வாய்க்கால், நெல் களஞ்சியம் ஒன்றாவது உண்டா, இதற்காக யாருடைய காணியாவது எடுக்கப்படுகின்றதா? அடுத்த கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். கூட்டத்தில் பதில் வராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு இடம் தருகின்றது. ஏறாவூர் நகரத்தவரும் ஏறாவூர்ப்பற்றுக்காரரும் ஒரே கேள்வியைத் தனித்தனியே கேட்காமல், சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. வாவிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே தண்ணீரைத்தான் நம்பியிருக்கின்றோம்.

அத்தோடு ஒரு சிறு வேலையும் செய்யுங்கள். காணி உறுதி, பெர்மிட், அளிப்புப் பத்திரம், பழைய வட்டவிதானையின் துண்டு, பசளை மானியப் பதிவு, எது கையில் மிஞ்சியிருக்கின்றதோ அதற்கு மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறு ஊரில் இருக்கின்ற உறவினர் வீட்டில் வையுங்கள். உறுதி எரிந்து போனவர்கள் கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் முறையிட்டு, முறைப்பாட்டின் பிரதியையாவது வைத்திருங்கள். சம்பூரில் காணி திரும்பிய நாளிலும் முதலில் கேட்டது கடதாசியைத்தான்.

தகவல் கேட்கும் விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு முகவரியிடுங்கள். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் பதில் சொல்ல வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை.